350 ரூபாய் வெப்கேமரைத் தொலைநோக்கியில் மாட்டினால் வியாழன் தெரியுமா?

கேள்வி, 14 நவம்பர் 2024

கல்லூரியில் படிக்கிறேன். 114 மி.மீ. விட்டம், 900 மி.மீ. குவியத் தூரம் உள்ள தொலைநோக்கி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வெப்கேமரில் லென்ஸைக் கழற்றிவிட்டு ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) இருக்கும் இடத்தில் சொருகினால் கோள்களைப் படம் எடுக்கலாம் என்று பழைய குறிப்புகளில் படித்தேன். எல்லாம் 2003, 2004 காலத்துப் பேச்சு. இப்போது போனிலேயே 50 மெகாபிக்சல் இருக்கிறது. இன்னும் இந்த வேலையைச் செய்வது வீண்தானே?

பதில், 16 நவம்பர் 2024, இரவு 11.40

வீண் இல்லை தம்பி. முதலில் மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். டிசம்பர் 7ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அப்போது அதன் விட்டம் சுமார் 48 விகலை. ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு பங்குதான் விகலை. உங்கள் 900 மி.மீ. குழாயில் அந்த வட்டு சென்சார்மேல் விழும் அளவு 0.2 மி.மீ. சொச்சம். குண்டூசித் தலைகூட அதைவிடப் பெரிது. அதற்கு வெளியே இருக்கும் பிக்சல் எல்லாம் வெறும் இருட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

வெப்கேமர் ஏன் என்றால், அது வீடியோ எடுக்கிறது, அவ்வளவுதான். ஓடுகிற வாய்க்காலுக்கு அடியில் கிடக்கும் காசைப் பார்த்திருப்பீர்கள். நெளியும், கலங்கும், நடுவில் ஒரு நொடி பளிச்சென்று தெரியும். நமக்கு மேலே இருக்கும் காற்றும் அப்படித்தான். ஆயிரம் பிரேம் எடுத்தால் குறைந்தது நூறு அந்தப் பளிச் நொடியில் விழுந்திருக்கும். அந்த நூறை மட்டும் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் படம். நல்ல பிரேம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று 1978இலேயே டேவிட் ஃப்ரீட் கணக்குப் போட்டு எழுதிவிட்டார். அதைச் சாமானியர் கையில் கொடுத்தது வெப்கேமர்.

அந்தக் காலத்து ராஜா பிலிப்ஸ் டூயூகேம். 640க்கு 480 பிக்சல், ஒவ்வொன்றும் 5.6 மைக்ரான், உள்ளே சோனியின் சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் சிப். வீட்டில் முகம் பார்த்துப் பேசுவதற்காக விற்ற பொருள். உலகம் முழுக்க அதைப் பிரித்துப்போட்டு சனி வளையத்தைப் படம் எடுத்தார்கள்.

17 நவம்பர் 2024, காலை

நேற்று ராத்திரி வீராப்பாகச் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் யோசித்தால், நான் கடைசியாக வெப்கேமரைப் பிரித்தது 2009இல். அதுவும் நண்பனுடையது. இப்போது கடையில் கிடைக்கும் மலிவுச் சரக்கில் இது நடக்குமா என்று எனக்கே தெரியாது. தெரியாமல் உபதேசம் செய்யக் கூடாது. மதுரை டவுன் ஹால் ரோட்டுக்குப் போகிறேன்.

17 நவம்பர் 2024, இரவு 9.15

வாங்கியாயிற்று. 350 ரூபாய். பெயர் தெரியாத கேமரா. லென்ஸைச் சுற்றி ஆறு எல்இடி, வயரில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வேறு. டப்பாவில் "20 மெகாபிக்சல்" என்று போட்டிருக்கிறது. கடைக்காரரிடம் "லென்ஸ் திருகிக் கழலுமா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கழட்டினா வாரண்டி கிடையாது சார்" என்றார். "கழட்டாட்டி?" என்றேன். "அப்பவும் கிடையாது."

என் தொலைநோக்கி 6 அங்குல டாப்சோனியன் (எளிய பீடத்தில் உட்காரும் கண்ணாடித் தொலைநோக்கி), குவியத் தூரம் 1200 மி.மீ., எஃப்/8, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு. மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். இனிமேல் வரும் கணக்கெல்லாம் அதற்கு.

24 நவம்பர் 2024

பிரித்தேன். பின்பக்கம் ஒரே ஒரு திருகாணி, மற்றதெல்லாம் கொக்கி. உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பலகை, அதன்மேல் கறுப்புப் பிளாஸ்டிக் பிடிப்பான், அதில் லென்ஸ் மரையில் உட்கார்ந்திருக்கிறது. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். குறடு போட்டு முறுக்கினால் பிடிப்பானே பெயர்ந்துவிடும். ஹேர் டிரையரை ஒரு நிமிடம் காட்டினேன், பசை இளகியது, கையாலேயே கழன்றது. எல்இடி ஆறையும் வெட்டி எறிந்தேன். இருட்டில் தொலைநோக்கிக்குள் டார்ச் அடிக்கிற கேமரா யாருக்கு வேண்டும்?

ஒரு தப்பும் செய்தேன். கழற்றிய லென்ஸின் பின்புறம் சின்னக் கண்ணாடிச் சதுரம் ஒன்று ஒட்டியிருந்தது. சாய்த்துப் பார்த்தால் சிவப்பும் நீலமுமாக மின்னும். தேவையில்லை என்று நினைத்து நெம்பினேன். உடைந்தது. குப்பையில் போட்டேன்.

25 நவம்பர் 2024

குப்பையில் போட்டது அகச்சிவப்பை வெட்டும் வடிகட்டி. டிவி ரிமோட்டைக் கேமரா முன்னால் பிடித்து அழுத்தினால் அதன் மூக்கு டார்ச் மாதிரி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியெல்லாம் உள்ளே வருகிறது என்று அர்த்தம். என் கறுப்புச் சட்டை திரையில் கத்தரிப்பூ நிறம், வேப்பமரம் வெளிர் ரோஜா. வியாழனுக்கும் இதே கதிதான்.

தம்பி, உங்கள் கேமராவில் அந்தக் கண்ணாடியை உடைக்காமல் எடுத்து வையுங்கள். சிலவற்றில் அது லென்ஸோடு வரும், சிலவற்றில் பிடிப்பானிலேயே சென்சாருக்கு மேல் உட்கார்ந்திருக்கும். பிடிப்பானில் இருந்தால் தொடவே வேண்டாம்.

30 நவம்பர் 2024

மழை. புயல். நெட்டும் போய்ப்போய் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்பார்கள். வியாழன் 2023இல் நவம்பர் 3, இந்த வருடம் டிசம்பர் 7 என்று சரியாக அந்த நேரத்துக்கே வந்து நிற்கிறது. அடுத்தது 2026 ஜனவரி 10. அப்போதாவது விடிவு உண்டா பார்ப்போம்.

சும்மா இருக்கும் நேரத்தில் குழாய் வேலை பார்த்தேன். ஐபீஸ் போகும் ஓட்டை ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.75 மி.மீ. பழைய குறிப்புகளில் எல்லாம் ஃபிலிம் ரோல் டப்பா என்று இருக்கும். அது ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆனால் இப்போது எங்கே போய்த் தேடுவது? தெருமுனை ஸ்டுடியோவில் கேட்டேன். அங்கே இருந்த பையனுக்கு ஃபிலிம் ரோல் என்றால் என்னவென்று நான்தான் விளக்க வேண்டியதாயிற்று. கடைசியில் எலெக்ட்ரீஷியனிடம் 32 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு வாங்கினேன். கால் மி.மீ. அதிகம். உப்புத்தாளில் சுற்றிச்சுற்றித் தேய்த்தால் இறங்கிவிடுகிறது. அவசரப்பட்டு அதிகம் தேய்த்தால் லொடலொடவென்று ஆடும், பிறகு டேப் சுற்ற வேண்டும். நான் டேப் சுற்றியிருக்கிறேன். உள்பக்கம் கரும்பலகைக்கு அடிக்கும் பெயின்ட். பளபளக்கும் கறுப்பு வேண்டாம், அது ஒளியைத் திருப்பி அடிக்கும்.

1 டிசம்பர் 2024

அவசரக் குறிப்பு. பலகையைக் குழாயோடு ஒட்ட, நொடியில் ஒட்டும் பசையைப் போடாதீர்கள். அதன் ஆவி சென்சார் கண்ணாடிமேல் வெள்ளையாகப் படிகிறது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பழைய லேப்டாப் மூடியிலிருந்து எடுத்த இன்னொரு கேமரா போயிற்று. ஹாட் குளூவோ எம்-சீலோ போதும். வேண்டுமென்றால் பிரித்தும் எடுக்கலாம்.

லேப்டாப் கேமரா சமாசாரம் தனி. நாலு வயர்தான், யூஎஸ்பிதான். ஆனால் சிலது 5 வோல்ட், சிலது 3.3 வோல்ட். வயர் நிறத்தை நம்பி இணைக்க வேண்டாம். ஒரு நல்லது நடந்தது. செத்த கேமராவின் லென்ஸிலிருந்து அகச்சிவப்பு வடிகட்டியை முழுசாக எடுத்துவிட்டேன். இப்போது 350 ரூபாய்க் கேமராவின் சென்சாருக்குமேல் அது உட்கார்ந்திருக்கிறது. மூலைகளில் நகப்பூச்சு ஒரு பொட்டு.

5 டிசம்பர் 2024, இரவு 10.30

வானம் திறந்தது. வியாழன் கிடைக்கவில்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறப் பணியாரம் ஒன்று, அதன் நடுவில் ஓட்டை. ஃபோகஸே வரவில்லை, குழாயை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் இன்னும் உள்ளே போகக் கேட்கிறது.

காரணம் நான்தான். பிவிசி துண்டு ஃபோகஸருக்கு (ஐபீஸை உள்ளே வெளியே நகர்த்தும் பாகம்) வெளியே 4 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, சென்சார் அதன் நுனியில். ஐபீஸ் என்றால் பிம்பம் ஏறக்குறைய ஃபோகஸரின் வாயிலேயே விழுந்தால் போதும். இங்கே 4 செ.மீ. தள்ளிப் போய்விட்டது. என் ஃபோகஸருக்கு உள்ளே போக அவ்வளவு இடமில்லை. என்னுடையது போல நியூட்டன் வகைக் கண்ணாடித் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தப் பஞ்சாயத்து வரும்.

6 டிசம்பர் 2024

வெளியே நீட்டியதை ரம்பத்தால் அறுத்து 6 மி.மீ. ஆக்கினேன். பகலில் இரண்டு கி.மீ. தள்ளியிருக்கும் செல்போன் கோபுரத்தை வைத்து ஃபோகஸ் பார்த்து, இழுகுழாயில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டேன். ராத்திரி அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். இந்த ஒரு கோடு எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இன்னொரு வழி பார்லோ லென்ஸ். அது பிம்பத்தை வெளியே தள்ளும், பெரிதாக்கவும் செய்யும். அறுக்க மனமில்லாதவர்கள் அதைப் போடலாம்.

8 டிசம்பர் 2024, அதிகாலை 1.20

வியாழன்!

வெள்ளைத் தோசை. ஒரு கோடு இல்லை, ஒன்றும் இல்லை. தானியங்கி எக்ஸ்போஷர் திரையில் முக்கால்வாசி கறுப்பாக இருப்பதைப் பார்த்து, "ஐயோ, இருட்டு" என்று ஒளியை ஏற்றிக்கொண்டே போகிறது. நடுவில் இருக்கும் வியாழன் வெந்து வெளுத்துவிட்டது. ஷார்ப்கேப் மென்பொருளில் தானியங்கியை அணைத்து, எக்ஸ்போஷரையும் கெயினையும் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு) கையால் இறக்கினேன். இறக்க இறக்கத் தோசை சிவந்தது. இரண்டு பட்டைகள். நிஜமாகவே இரண்டு பட்டைகள். கீழே படுத்திருந்தவளை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்கு, லைட்டை அணைச்சிட்டு வாங்க" என்றாள்.

வியாழனின் பெரிய நிலாக்கள் நாலும் இந்த ஒளி அளவில் தெரியாது. அவற்றுக்காக ஒளியை ஏற்றினால் மறுபடி தோசை. தனித்தனியாக எடுத்துத்தான் சேர்க்க வேண்டும்.

8 டிசம்பர் 2024, மாலை

20 மெகாபிக்சலின் யோக்கியதையை நேற்றே அளந்துவிட்டேன். என்னிடம் மோட்டார் இல்லாதது இதற்கு வசதி. வியாழனைத் திரையின் ஓர் ஓரத்தில் விட்டுவிட்டு, மறு ஓரம் போய்ச்சேர எத்தனை நொடி என்று பார்த்தேன். 33 நொடி. பூமி சுழலும் கணக்கில் வியாழன் இப்போது இருக்கும் இடத்தில் நொடிக்குச் சுமார் 13.9 விகலை நகர்கிறது. ஆக, திரையின் அகலம் 460 விகலை. 1200 மி.மீ. குவியத் தூரத்தில் அது 2.7 மி.மீ. கேமரா தரும் உண்மையான படம் 640க்கு 480தான், அதற்குமேல் எல்லாம் மென்பொருள் ஊதிய பலூன். 640ஆல் வகுத்தால் பிக்சல் 4.2 மைக்ரான். 20 மெகாபிக்சல் எங்கே, 0.3 எங்கே!

10 டிசம்பர் 2024

மேலே போட்ட கணக்கு தப்பு. தேனிக்கார அண்ணன் ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார்: "வியாழன் நேராகப் போச்சா, கோணலாப் போச்சா?" வீடியோவை மறுபடி பார்த்தேன். கோணல்தான். மேல் மூலையில் நுழைந்து கீழே சாய்ந்து போயிருக்கிறது. நேற்று கேமராவைத் திருப்பி நேராக்கி மறுபடி எடுத்தேன். 29 நொடி. அகலம் 404 விகலை, 2.35 மி.மீ., பிக்சல் 3.7 மைக்ரான். அண்ணனுக்கு நன்றி. மெகாபிக்சல் மட்டும் மாறவில்லை, அதே 0.3தான்.

இந்த எண் எதற்கு? பார்லோ எவ்வளவு போடலாம் என்று தெரிய. பிக்சல் மைக்ரானை மூன்றாலும் ஐந்தாலும் பெருக்குங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் எஃப் எண் இருந்தால் நல்லது. எனக்கு 11க்கும் 18க்கும் நடுவில். எஃப்/8க்கு இரண்டு மடங்கு பார்லோ போட்டால் 16, சரியாக விழுகிறது. வியாழன் 150 பிக்சல் அகலம் வரும். கேள்வி கேட்ட தம்பிக்கும் எஃப்/8தான், ஆகவே இதே கணக்கு. ஐந்து மடங்கு பார்லோ மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். பெரிதாகக் கலங்கித் தெரியும், அவ்வளவுதான்.

13 டிசம்பர் 2024

திருக்கார்த்திகை. தெரு முழுக்க விளக்கு. மொட்டைமாடிச் சுவரிலும் வரிசையாக வைத்திருக்கிறோம். தொலைநோக்கிக்கு இன்று விடுமுறை. மேகமும் உண்டு, ஆகவே தியாகம் ஒன்றும் இல்லை.

நிலாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். 9ஆம் தேதி எடுத்தேன். பார்லோ இல்லாமலே திரையில் நிலாவின் கால்வாசி அகலம்கூட அடங்கவில்லை. துண்டு துண்டாக எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். ஆனால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு நிலாதான் நல்ல வாத்தியார். ஒளிக்குப் பஞ்சமில்லை, தேடி அலைய வேண்டாம், ஃபோகஸ் தப்பினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். என் சென்சாரில் தூசி இருப்பதையும் அதுதான் சொன்னது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மூன்று கறுப்புப் பொட்டு. வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். காது சுத்தம் செய்யும் ரப்பர் பல்பால் ஊதினால் போதும்.

17 டிசம்பர் 2024

வானத்தோடு சேர்த்துத் தொலைநோக்கியைத் திருப்ப மோட்டார் இல்லாமல் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஓடவிட வேண்டியதுதான். பார்லோவோடு திரையைக் கடக்க வியாழனுக்கு 14, 15 நொடி ஆகிறது. நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு ஓட்டத்துக்கு 400க்கு மேல். மறுபடி தள்ளி ஓரத்தில் வைத்து இன்னொரு ஓட்டம். ஐந்தாறு ஓட்டத்தை ஒன்றாகப் போட்டால் பிப் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு பிரேமிலும் வியாழனை நடுவில் கொண்டுவந்து நிறுத்திக் கொடுக்கும். ஆனால் ரொம்ப நேரம் எடுக்கக் கூடாது. வியாழன் தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரம்கூட ஆவதில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் சேர்த்தால் பட்டைகளில் இருக்கும் புள்ளிகள் இழுபடும்.

நம் ஊருக்கு ஒரு வரமும் சாபமும் உண்டு. வரம்: வியாழன் மதுரையில் இப்போது 78 டிகிரி உயரத்துக்கு ஏறுகிறது, ஏறக்குறைய உச்சந்தலை. காற்றின் தடிமன் குறைவு. 2019, 2020இல் அது தெற்கே இறங்கியிருந்தபோது லண்டன்காரர்களுக்கு 16 டிகிரியில், வீட்டுக் கூரைகளுக்கு மேல் தத்தளித்தது. நமக்கு அப்போதும் 58. பிலிப்பைன்ஸின் செபு நகரத்திலிருந்து வியாழனைப் படம் எடுக்கும் கிறிஸ்டோபர் கோ, 2006இல் அதன் வெள்ளைப் புயல் ஒன்று சிவப்பாக மாறியதை முதலில் கவனித்தவர். செபு 10 டிகிரி வடக்கு, கிட்டத்தட்ட நம் அட்சரேகை.

சாபம்: டாப்சோனியனை உச்சியில் தள்ளுவது போல அவஸ்தை வேறில்லை. கொஞ்சம் தள்ளினால் எகிறும். கூடவே நம் மொட்டைமாடி பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்குகிறது. நல்ல படம் எல்லாம் நள்ளிரவுக்குப் பிறகுதான்.

22 டிசம்பர் 2024

வெட்கக்கேடு ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வாரம் வாட்ஸப்பில் நான் அனுப்பிய வியாழன் படத்தைப் பார்த்தவர்கள் "ஓரத்தில் வெள்ளை வளையம் தெரிகிறதே, அது என்ன?" என்று கேட்டார்கள். வியாழனின் வளையம் என்று ஒருவர் பாராட்டியே விட்டார். வியாழனுக்கு வளையம் உண்டுதான், ஆனால் என் 6 அங்குலத்தில் அது ஜென்மத்துக்கும் தெரியாது. அது நான் ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மையைக் கண்டபடி ஏற்றியதால் வந்த வெங்காயத் தோல்.

ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் பிரேம்களை அடுக்கி, பிறகு ரெஜிஸ்டாக்ஸின் வேவ்லெட் என்ற பகுதியில் கூர்மை ஏற்றுவதுதான் வழக்கமான பாதை. 400 பிரேம் அடுக்கினால் இரைச்சல் இருபதில் ஒரு பங்காகக் குறையும், அதனால்தான் கூர்மை ஏற்றத் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் ஸ்லைடரைக் கண்டால் கை சும்மா இருக்காது. இப்போதெல்லாம் ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிடித்த அளவு வரை ஏற்றிவிட்டு, அதில் பாதிக்கு இறக்கிச் சேமித்துவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். காலையில் பார்த்தால் பாதியே அதிகமாகத் தெரியும்.

29 டிசம்பர் 2024

நெபுலா (விண்வெளியில் இருக்கும் மங்கலான வாயு மேகம்) எடுக்கலாமா என்கிறார்கள். இதில் முடியாது. நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் கேமரா ஒரு பிரேமுக்கு 30இல் ஒரு பங்கு நொடிக்கு மேல் ஒளி சேர்க்காது. 2000களின் தொடக்கத்தில் ஸ்டீவ் சேம்பர்ஸ் என்பவர் சிசிடி வெப்கேமரின் சிப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கால்களில் ஒன்றின் இணைப்பை வெட்டி, கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட்டிலிருந்து கட்டளை கொடுத்து, சிப்பை நிமிடக்கணக்கில் ஒளி குடிக்க வைத்தார். அற்புதமான வேலை. ஆனால் இன்றைய மலிவு கேமரா எல்லாம் சிமாஸ் என்ற வேறு வகை, சென்சாரும் கட்டுப்பாடும் ஒரே சில்லில், வெட்டுவதற்கு வெளியே கால் இல்லை. பிரிண்டர் போர்ட்டுக்கு எங்கே போவது என்பது இன்னொரு கேள்வி.

4 ஜனவரி 2025

சூரியன் பற்றிக் கேட்டவருக்கு. தொலைநோக்கியின் முழு வாய்க்கும் முன்னால் சூரிய வடிகட்டித் தாள் கட்டாமல் திருப்பவே திருப்பாதீர்கள். கேமராதானே, கண் இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி சூட்டில் விரிசல் விடும், அதைக் குப்பையில் போடுங்கள். 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்துக்குத் திண்டுக்கல் போயிருந்தோம். பெரிய குழாய்க்கு வடிகட்டி கட்டினேன், பக்கத்தில் இருந்த தேடுகுழாயை (குறிபார்க்க உதவும் சின்னத் தொலைநோக்கி) மூட மறந்தேன். என் சட்டைத் தோளில் இன்னும் ஓட்டை இருக்கிறது. கண்ணாக இருந்திருந்தால்?

5 ஜனவரி 2025

கேமரா அடிக்கடி துண்டித்துப்போய்க்கொண்டிருந்தது. கேமராவைத் திட்டியதெல்லாம் வாபஸ். மாடியிலிருந்து அறை வரை 10 மீட்டர் யூஎஸ்பி வயர் இழுத்திருந்தேன். 5 மீட்டர்தான் கணக்கு. லேப்டாப்பை மாடிக்கே கொண்டுபோனேன், சரியாகிவிட்டது. கூடவே கொசுவும்.

19 ஜனவரி 2025

செவ்வாய் மூன்று நாளைக்கு முன் எதிரே வந்தது. விட்டம் 14.5 விகலை. என் பார்லோவில் 46 பிக்சல். ஆரஞ்சு உளுந்து மாதிரி ஒன்று, அதன் ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு துருவப் பனி. மீதி எல்லாம் என் கற்பனை. இரண்டு மணி நேரம் எடுத்தேன், ஒன்பது வீடியோ, எட்டு குப்பை.

போனில் பார்க்கலாமே என்று தோன்றியது. ஐபீஸில் போனைப் பிடிக்கும் கவ்வியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் வாங்கி மாட்டி, எக்ஸ்போஷரைப் பூட்டி வீடியோ எடுத்தேன். அதே மென்பொருள், அதே அடுக்கல்.

20 ஜனவரி 2025

சரி, ஒத்துக்கொள்கிறேன். போன் படம் கொஞ்சம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. நிறம் உண்மையாக இருக்கிறது, இரைச்சல் குறைவு. "வீண் இல்லை தம்பி" என்று நவம்பரில் சட்டென்று சொன்னதை இன்றைக்குக் கேட்டால் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். நல்ல போன் ஏற்கெனவே கையில் இருந்தால் கவ்வியோடு ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் போனை மாட்டுவது தலைவலி. அரை மி.மீ. நகர்ந்தால் படம் மறைந்துவிடும், அதன் எடைக்குக் குழாய் தலை சாய்க்கிறது. ஒரு அழைப்பு வந்து எல்லாம் அதிர்ந்தது. வெப்கேமர் சொருகினால் சொருகினதுதான். எடை தீப்பெட்டி அளவு. பத்துப் பேர் ஒரே நேரத்தில் லேப்டாப் திரையைப் பார்க்கலாம். படத்துக்குப் போன், கூட்டத்துக்கு வெப்கேமர் என்று வைத்துக்கொள்கிறேன். காசு இருக்கிறவர்கள் இதற்கென்றே செய்த கோள் கேமரா வாங்குவார்கள், அவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

9 பிப்ரவரி 2025

தம்பி எழுதியிருக்கிறார். பழைய கேமரா ஒன்றில் லென்ஸைக் கழற்றிவிட்டாராம். வடிகட்டியை உடைக்கவில்லையாம். ஃபோகஸ் வரவில்லையாம். டிசம்பர் 5, 6ஆம் தேதிக் குறிப்பைப் படியுங்கள் தம்பி. ரம்பம் எடுங்கள்.

2 மார்ச் 2025

நேற்று சாயங்காலம் பிறை பார்க்கும் நாள். பக்கத்து மாடியில் பாய் வீட்டுக்காரர்கள் எல்லாரும் மேற்கே பார்த்து நின்றார்கள். நான் வெள்ளியைப் பிடிக்க ஏறியிருந்தேன். இப்போது அது மெலிந்த பிறை, வியாழனைவிட அகலமாகத் தெரிகிறது. இதற்கு வடிகட்டியை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். முன்னால், ஒளிபட்டுக் கழுவிய பழைய நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு அடுக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் நின்று, அகச்சிவப்பு மட்டும் போகும். அந்தி வெளிச்சத்தில் வானம் கறுத்து, வெள்ளி அசையாமல் நிற்கிறது. நவம்பரில் தவறி உடைத்ததற்கு இன்றைக்குப் பயன்.

அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் சுவர் தாண்டி எட்டி லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "வாப்பா, பிறை தெரிஞ்சிருச்சு, ஆனா தலைகீழா இருக்கு!" என்று கத்தினாள். அவர் ஓடிவந்தார். அது வெள்ளி என்று நான் சொல்வதற்குள் பின்னாலிருந்து யாரோ நிஜப் பிறையைக் கண்டுவிட்டார்கள், தென்னை மட்டைக்குப் பக்கத்தில். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவள் மட்டும் போகவில்லை. இது யாருடைய பிறை என்று கேட்டாள். வெள்ளிக்கும் உண்டு என்றேன். அப்போது அதற்கும் நோன்பு உண்டா என்றாள்.

கேமராவில் இப்போது பச்சையாக ஒரு கோடு விழுகிறது. வயர் முனையில் பற்றவைத்தது விட்டிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன்.